ஹென்கின் மாடுகளும் என் மீன் தலைகளும்

1

நெதர்லாந்தில் மாட்டுக்குச் சுதந்திரம் உண்டு, அதன் சாணிக்குக் கிடையாது. மாடு எந்த மாதம் வேண்டுமானாலும் போடலாம். போட்டதை வயலில் விடுவதற்குத்தான் மாதக் கணக்கு. குளிர்காலத்தில் கூடாது. மேலாகத் தெளிக்கக் கூடாது, மண்ணைக் கீறி உள்ளே செலுத்த வேண்டும். ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குச் சாணி ஏற்றிப் போகிற லாரி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று வானத்திலிருந்து செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருக்கும். புயல் நேரத்தில் கடலுக்குப் போன அத்தான் எந்தத் திசையில் இருக்கிறார் என்று தெரியாமல் என் அக்கா மாதா கோவில் படியில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால், எனக்கு இந்தச் சாணி லாரியின் மேல் பொறாமையாக வரும்.

ஒல்லாந்தர் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் கூட்டம்தான் இவர்கள். ஒரு காலத்தில் நம் கடற்கரைக்குக் கப்பலில் வந்து, முத்துச்சிப்பியைக் குவியல் குவியலாக எண்ணி, இத்தனை உனக்கு, இத்தனை எனக்கு என்று கணக்கு எழுதிக்கொண்டு போனவர்கள். முத்து தீர்ந்துவிட்டது. கணக்குப் புத்தி தீரவில்லை. இப்போது சாணியை எண்ணுகிறார்கள்.

நான் பிலோமின். தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் பிறந்தவள். என் வீட்டுக்காரர் சேவியர் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், பிறகு கப்பலுக்குப் போனவர், கடைசியில் இந்த ஊர்த் துறைமுகத்தில் மறுபடியும் கிரேன் ஏறியவர். நாங்கள் இங்கே வந்து இந்த ஆடியோடு கால் நூற்றாண்டு. கேக் வெட்டிக் கொண்டாட வேண்டும் என்று ஆசைப்பட்டார் மனிதர். அந்த நாளில் நான் விசாரணையில் உட்கார்ந்திருந்தேன். மீன் தலை விஷயமாக.

2

இங்கே ஒரு வீட்டுக்குப் போனால் காப்பி தருவார்கள். கூடவே ஒரு தகர டப்பாவைத் திறந்து நீட்டுவார்கள். நாம் ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பா மூடிக்கொள்ளும். வந்த புதிதில் நான் இரண்டாவதற்குக் கை நீட்டி, மூடி என் விரலில் பட்டது. நம் ஊரில் இப்படி ஒரு வீடு இருந்தால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

ஆனால் இதே மனிதர்கள் மண்ணுக்குப் போடுகிற சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். விருந்தாளிக்கு ஒரு பிஸ்கட், வயலுக்குத் தினமும் கல்யாண வீடு. பல காலமாகச் சாணியும் உரமும் ஊட்டி ஊட்டி, மண் தின்ன முடியாமல் வாந்தி எடுத்து, அது வாய்க்காலில் இறங்கி, வாய்க்காலும் வாந்தி எடுக்கிறது. அப்புறம்தான் சட்டம் போட்டார்கள். சட்டம் போட்டதும் விவசாயிகள் டிராக்டரைக் கொண்டுவந்து சாலையை மறித்தார்கள், நாட்டுக் கொடியைத் தலைகீழாகக் கட்டினார்கள். தின்னது போதும் என்று சொன்னால் எந்த ஊரிலும் சண்டைதான்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு வாய்க்கால். அதன் கரையில் நகரசபை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, தோட்டம் போட ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிற சங்கம் ஒன்று இருக்கிறது. தலைவி மர்யா, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். வருஷக்கணக்காகக் காத்திருந்து எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. கூடவே ஒரு விதிப் புத்தகமும். ரொட்டி வாங்கவும் டாக்டரிடம் வலி எங்கே என்று சொல்லவும் போதுமான டச்சு எனக்கு வரும். விதிப் புத்தகத்துக்கு அது போதாது. அவர்கள் விதியை டச்சில் எழுதியிருந்தார்கள், நான் தமிழில் தோட்டம் போட்டேன்.

தமிழில் என்றால், கடற்கரைத் தமிழில். திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டில் மீன் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகாது. செதில், குடல், கெட்டுப்போன நெத்தலி, மேலே ஒரு கை கல்லுப்பு, எல்லாம் முற்றத்துத் தென்னையின் தூரில். கல்யாணமாகி வருகிற மருமகளுக்கு மாமியார் முதலில் காட்டுவது மீன் எங்கே கழுவ வேண்டும் என்பதைத்தான். நம் கடற்கரை மணல் பசித்த மணல். எதைப் போட்டாலும் விழுங்கிவிட்டு இன்னும் கொண்டா என்று கிடக்கும். அந்தத் தென்னை குலை தள்ளுவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி கண் வைப்பாள்.

இங்கே சனிக்கிழமைச் சந்தையில் மீன்காரன் அயிலைத் தலையை வெட்டிக் குப்பையில் வீசுகிறான். தலையை! முதல் தடவை பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. கேட்டேன், ஒரு வாளி நிறையக் கொடுத்தான். வீட்டில் எத்தனை பூனை என்று விசாரித்தான். நானும் ஒரு கையின் விரலை எல்லாம் விரித்துக் காட்டி வைத்தேன். குழம்புக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எல்லாம் என் துண்டில், வாய்க்கால் கரையோரமாக மண் லேசாக இருக்கிற இடத்தில் குழி பறித்துப் புதைத்தேன். அடுத்த வாரமும் வாளி. அதற்கடுத்த வாரம் இரண்டு வாளி. கல்லுப்பு மட்டும் போடவில்லை, அது தென்னைக்குத்தான்.

என் பூசணி ஆட்டுக்குட்டி அளவுக்கு வந்தது. பாகற்கொடி பக்கத்துத் துண்டு வேலியைத் தாண்டியது. சங்கத்துக்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மர்யா ரகசியம் என்ன என்று கேட்டார். எங்கள் ஊர் வழக்கம் என்று சொன்னேன். அவர் அதை யோகா மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டார்.

3

இந்த வருஷம் வெயில் சீக்கிரம் வந்தது. வந்த வேகத்தில் வாய்க்கால் பச்சையாகிவிட்டது. சாதாரணப் பச்சை இல்லை. பாய் விரித்த மாதிரி, வாத்து நடந்து போகலாம் போல, விளிம்பிலிருந்து விளிம்பு வரைக்கும் பாசி. பிறகு நாற்றம். பிறகு ஒரு காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

கூட்டம் கூடிவிட்டது. இது ஹென்கின் வேலைதான் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். ஹென்க் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த பண்ணைக்காரர். பனைமரம் போல உயரம், பேச்சு ரொம்பக் குறைவு. மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், மனிதர்களைக் கூப்பிட மாட்டார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், மிச்சம் அந்த மாடுகள்தான். மழையில் எங்கள் கார் சேற்றில் மாட்டியபோது டிராக்டர் கட்டி இழுத்துவிட்டு, நன்றி சொல்லுவதற்குள் போய்விட்டவர். இந்த வருஷம் அவருடைய மாட்டு அனுமதி புதுப்பிக்கிற வருஷம். செத்த வாய்க்கால் அவர் கணக்கில் ஏறினால் பாதி மாட்டை விற்றாக வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஹென்க் தோட்டத்து வாசலில் வந்து நின்று, தன் நிலத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் வருவதே இல்லை என்று மர்யாவிடம் சொல்லிப் பார்த்தார். நடுவில் இருக்கிற குழாய் இடிந்து அடைத்துக்கிடக்கிறது என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. தண்ணீர் வாரியத்துக்குப் புகார் எழுதினார்கள். நானும் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு என்ன தெரியும்? சாணி நாறுகிறது, மாடு அவருடையது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காரை இழுத்துவிட்டதற்கும் வாய்க்கால் நாறுவதற்கும் சம்பந்தமில்லை என்று என் மனச்சாட்சிக்கு நானே நீதி சொல்லிக்கொண்டேன்.

4

வாரியம் அனுப்பிய ஆள் என் மகன்.

அருள் இங்கேயே பிறந்தவன். ஊரில் சொந்தக்காரர்களிடம் அவன் தண்ணீர் இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளது என்னவென்றால், வேனில் போய், நீளக் கம்பில் பாட்டிலைக் கட்டி, வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் மொண்டு சோதிக்கிற வேலை. தனியாக வீடு எடுத்துப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரலாமா என்று வியாழக்கிழமையே செய்தி அனுப்பிக் கேட்பான். பெற்ற வீட்டுக்கு வர அனுமதி கேட்கிற பிள்ளையை நான் என்ன செய்ய? வா ராசா, உன் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று பதில் போடுவேன். அவனுக்கு அது கிண்டல் என்று புரியாது, நன்றி என்று எழுதுவான்.

அந்தத் தோட்டத்தில் என் அம்மாவுக்கும் ஒரு துண்டு இருக்கிறது, நான் போகலாமா என்று அவன் ஆபீசில் கேட்டிருக்கிறான். போ, முடிவை வேறு ஒருவர் சரிபார்ப்பார் என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் இதே வேலைக்குச் சொந்தக்கார ஆபீசர் வந்தால் வாழையிலை போட்டு, திரும்பும்போது டிக்கியில் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றி அனுப்புவோம். நானும் அந்த நினைப்பில் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டான். வேலை நேரத்தில் குடிமக்களிடமிருந்து எதுவும் வாங்கக் கூடாதாம். நான் குடிமகளாம். பத்து மாதம் சுமந்த குடிமகள்.

ஹென்கின் பக்கம் தண்ணீர் எடுத்தான். இடிந்த குழாயைப் படம் பிடித்தான். எங்கள் பக்கம் ஒவ்வொரு துண்டாக எடுத்துக்கொண்டே வந்தான். என் துண்டின் கரையில் நீளத் துளைப்பான் ஒன்றை மண்ணில் திருகி இறக்கி, இழுத்தான். கறுத்த மண்ணோடு ஒரு தாடை எலும்பு வந்தது. பல்லெல்லாம் ஒழுங்காக இருந்தது.

"அம்மா, இது என்ன?"

"அயிலை."

"அயிலை ஏன் மண்ல இருக்கு?"

"உரம்லா அது."

அவன் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். அந்தத் தாடையை ஒரு பையில் போட்டு, மேலே ஏதோ எழுதி, வேனில் வைத்துவிட்டுப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, அவனுக்குத் தெரிந்த தமிழில் விளக்கினான். நைட்ரஜனும் பாஸ்பரஸும், அதாவது நம் ஊர்த் தழைச்சத்தும் மணிச்சத்தும், அளவாக இருந்தால்தான் தண்ணீர் தண்ணீராக இருக்குமாம். மீன் முள் முழுக்க மணிச்சத்தாம். மண் கொஞ்சம்தான் பிடித்துவைக்கும், மிச்சம் வாய்க்காலில் இறங்கும். பாசி அதைத் தின்று பெருத்து, தண்ணீரை மூடும். வெளிச்சம் உள்ளே போகாது. அடியில் இருப்பது அழுகும், அழுகுவது காற்றை உறிஞ்சும், மீன் மூச்சு முட்டிச் சாகும். குழாய் அடைத்திருப்பதால் எங்கள் பக்கம் வாய்க்காலுக்குப் போக்கிடம் இல்லை, எல்லாம் அங்கேயே தேங்கிவிட்டது. ஹென்கின் மாட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சாப்பாடு போட்டு யாராவது சாவார்களா என்று கேட்டேன். தண்ணி சாகும்மா என்றான்.

அவன் அப்பாவாவது என் பக்கம் பேசுவார் என்று பார்த்தேன். அவர் மகன் பக்கம் சாய்ந்துவிட்டார். உடன்குடிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் தேரிச் செம்மணலில் முருங்கை போட்ட கதையை எடுத்தார். யூரியா விலை மலிவு, பொட்டாஷ் விலை கூடுதல். அதனால் மனிதர் யூரியாவாகக் கொட்டினார். மரம் கருகருவென்று தழைத்தது, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். காய் மட்டும் காணோம். தழையாகவே வளர்ந்து, காற்று அடித்ததும் கிளை கிளையாக முறிந்தது. கொட்டின யூரியாவில் பாதி அவர் கிணற்றுத் தண்ணீரில் இறங்கியது. அதைச் சொல்லிவிட்டு, துறைமுகத்தில் உரக்கப்பல் இறக்குகிற நாளில் தன் சட்டையை நான் துவைத்த தண்ணீர் போன இடத்தில் மட்டும் புல் எப்படிக் கிளம்பியது என்று என்னிடமே கேட்டார். ஞாபகம் இருக்கிறது. அந்தப் புல்லைத் தின்ன வந்த ஆட்டை விரட்டியே எனக்குக் கால் வலித்தது. அதை ஒத்துக்கொள்ள அது நேரமா?

5

எழுதாமல் விட்டுவிடு என்று மகனிடம் சொன்னேன். மறைக்க வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம், காரணம் தெரியவில்லை என்று ஒரு வரி போதும். நான் இனிமேல் ஒரு செதில்கூடப் போட மாட்டேன். பாசியும் தானாகப் போய்விடும். எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றான். எனக்கு வந்ததே கோபம்.

"பெத்த தாயக் காட்டிக்குடுக்கதுக்கால ஒனக்குச் சம்பளம் தாராவ?"

"நான் எழுதலன்னா ஹென்க்குக்கு மாடு போகும்மா."

எழுதினால் எனக்குத் தோட்டம் போகும், அது உனக்குப் பெரிசில்லையா என்று கேட்டேன். பாயசத்தைத் தொடாமல் எழுந்து போய்விட்டான். நான் கரண்டியைப் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அந்தத் துண்டு எனக்கு வெறும் தோட்டம் இல்லை. இந்த ஊரில் நான் யாரிடமும் மன்னிக்கவும் என்று சொல்லாமல் நிற்கிற ஒரே இடம் அது. அங்கே பாகற்கொடியைத் தமிழில் திட்டுவேன், அது புரிந்துகொள்ளும். அதைப் பிடுங்க என் வயிற்றில் பிறந்தவனே துளைப்பானோடு வந்துவிட்டானே என்று எனக்கு அழுகை வந்தது. உடனே ஜெசிந்தா அக்காவைக் கூப்பிட்டேன். திரேஸ்புரத்தில் இருக்கிறாள், அத்தான் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். நான் சொன்னதை எல்லாம் உம் கொட்டிக் கேட்டாள். என்னோடு சேர்ந்து அவனைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

போன புரட்டாசியில் அங்கே கடல் பச்சையானது. பூங்கோரை என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அந்தப் பாசிதான். வருஷா வருஷம் கொஞ்சம் வரும், போகும். போன வருஷம் வந்தது வேறு மாதிரி, கஞ்சி போல கெட்டியாக வந்தது. ஓராவும் கிளிமீனும் செத்துக் கரையில் குவிந்து, நாய்கூட மோந்துவிட்டு நகர்ந்தது. அத்தான் வாரக்கணக்கில் படகை இறக்கவில்லை. வேறு கடலில் பிடித்த மீனையும் தூத்துக்குடி மீன் என்றால் வாங்க ஆள் இல்லை.

யார் காரணம் என்று ஊர் பேசியது. மீன்காரர்கள் ஆலையைக் கை காட்டினார்கள். ஆலைக்காரர்கள் நகரத்துச் சாக்கடையைக் காட்டினார்கள். நகரத்துக்காரர்கள் இறால் பண்ணையைக் காட்டினார்கள். இறால் பண்ணைக்காரர்கள் ஆற்றுப் பாசன வயல்களின் உரத்தைக் காட்டினார்கள். வயல்காரர்கள் மழையைக் காட்டினார்கள். மழை மேலே இருந்து வருவதால் பழி கடைசியில் ஆண்டவர் தலையில் போய் நின்றது. அவரும் மறுக்கவில்லை.

அப்போது பாட்டிலோடு ஆபீசர்கள் வந்திருக்கிறார்கள். தண்ணீர் எடுத்துவிட்டு அக்கா வீட்டில்தான் கை கழுவினார்கள். டீயும் பொரித்த நெத்தலியும் கொடுத்திருக்கிறாள். முடிவு வந்ததும் சொல்லுகிறோம் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது ஆடி. அத்தான் வாரம் தவறாமல் போய்க் கேட்கிறார். மேலே அனுப்பியிருக்கிறது என்கிறார்களாம். கடல் கீழே இருக்கிறது, பாட்டில் மட்டும் எப்படி மேலே போச்சு என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அக்கா என் பேச்சுக்குத் திரும்பி வந்தாள்.

"ஏளா பிலோ, கோவப்படாத. இங்கன பாட்டில்ல தண்ணி மோந்துட்டுப் போனவன் இன்னைய வரைக்கும் வந்து இன்னதுன்னு சொல்லல. ஒம் மவன் சொல்லுதான். சொல்லட்டும், விடு."

போனை வைத்த பிறகும் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

6

விசாரணை சங்கத்தின் கூடத்தில் நடந்தது. காப்பி கொடுத்தார்கள், பிஸ்கட் டப்பா ஒரு சுற்று போய் மூடிக்கொண்டது. சேவியர் கேக்கைப் பற்றிப் பேசாமல் என் பக்கத்தில் சட்டை இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹென்க் கடைசி வரிசையில். அவரும் இஸ்திரி போட்ட சட்டைதான். தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, டாக்டர் முன்னால் உட்காருகிற நோயாளி போல இருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. புகாரில் போட்ட என் கையெழுத்து அவருக்கு இரண்டடி தூரத்தில் சுவரில் ஒட்டியிருந்தது.

அருள் ஆபீஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைச் சுவரில் காட்டினான். வாய்க்கால் நீலமாக இருந்தது. ஹென்கின் பக்கமிருந்து இந்தப் பக்கத்துக்கு ஒரு கோடுகூட இல்லை. எங்கள் பக்கம் போகப் போக நீலம் கறுத்து, ஒரு துண்டின் கரையில் ரத்தச் சிவப்பு. அந்தத் துண்டின் எண்ணைச் சொன்னான். அது யாருடையது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் ஒரு ஆளை வெறித்துப் பார்க்க இந்த நாட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

பேரைச் சொல்ல வேண்டியதில்லை, எண் போதும், விதி அப்படித்தான். மர்யாவும் அவனைக் காப்பாற்ற நினைத்து, அந்தத் துண்டுக்காரருக்குத் தனியாகத் தெரிவித்துக்கொள்கிறோம் என்று பேச்சை முடிக்கப் போனார். அருள் உட்காரவில்லை. அது என் அம்மாவின் துண்டு என்றான். தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் சோதித்தேன், தப்பில்லை என்றான். ஹென்கைப் பார்த்து, இந்த வாய்க்காலுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை, இதை நாங்கள் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும் என்றான். குரல் சரியாகத்தான் இருந்தது. காது மட்டும் சிவந்துபோயிருந்தது. சின்ன வயதில் திட்டு வாங்கும்போது சிவக்கிற அதே காது.

நான் எழுந்து நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் டச்சில் நாலு வரி மனப்பாடம் செய்திருந்தேன். எங்கள் ஊர் வழக்கம், எனக்குத் தெரியாது, மன்னிக்கவும், இப்படி. ஒரு சொல்லும் வரவில்லை. ரொட்டி வாங்குகிற டச்சுகூட ஓடிவிட்டது. அவனைப் பார்த்தேன். கூடத்தில் அத்தனை பேர் முன்னால், தாயென்றும் பாராமல், பயந்துகொண்டே நிமிர்ந்து நிற்கிறான். கோபமா பெருமையா என்று கேட்டால், இரண்டும்தான், பெருமை ஒரு பிடி கூடுதல்.

"எம் மவன் சொல்லுதது சரி," என்றேன்.

கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. மர்யா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, அம்மா என்ன சொல்கிறார் என்று அருளிடம் கேட்டார். அவன்தான் மொழிபெயர்க்க வேண்டும். நான் சொன்னது சரி என்று அம்மா சொல்கிறார் என்று டச்சில் சொல்லும்போது அந்தப் பிள்ளைக்குக் குரல் உடைந்துவிட்டது. சேவியர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. ஹென்கின் மாடுகள் தப்பின. அவருடைய பக்கத்து வாய்க்கால்களும் பச்சையாகத்தான் இருக்கின்றன, ஆனால் அது அனுமதிக்குள் அடங்கிய பச்சை, காகிதம் சரியாக இருக்கிறது. என் துண்டைப் பிடுங்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார்கள். கரையோர மண்ணை அள்ளி மாற்றிவிட்டு, மிச்ச மண்ணை நான் பட்டினி போட வேண்டும். புல்லும் கீரையும் விதைத்து, வளர வளர அறுத்து, வெளியே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். திருப்பி எதுவும் போடக் கூடாது. ஒரு கைப்பிடி சாம்பல்கூடக் கூடாது. சத்து இறங்கி, அருள் சோதித்துப் போதும் என்று சொல்லுகிற வரைக்கும் இப்படியே. திரேஸ்புரத்துப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. சிறையில் போட்டிருந்தால்கூட அங்கே யாருக்காவது சோறு பொங்கிப் போட்டிருப்பேன்.

வெளியே ஹென்க் வந்து கை கொடுத்தார். என் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பூசணி நிஜமாகவே அத்தனை பெரிசா? ஆமாம் என்று கையை விரித்துக் காட்டினேன். எத்தனை வாளி என்று குனிந்து ரகசியமாக விசாரித்தார். சொல்ல வாயெடுத்தேன். அருள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்று பேச்சை மாற்றிக்கொண்டோம்.

7

நேற்று அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணைப் பட்டினி போடுகிற தண்டனையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அருள் எழுந்து நின்றதைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. அவன் காது சிவந்ததா என்று கேட்டாள். சிவந்தது என்றேன்.

அங்கே இன்னும் முடிவு வரவில்லை. புரட்டாசி நெருங்குகிறது. அத்தான் காலையில் எழுந்ததும் பல்லுகூட விளக்காமல் கரைக்குப் போய்த் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு வருகிறாராம். போன வருஷம் போல இந்த வருஷமும் வந்தால் படகை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று அவளுக்குப் பயம். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று, அருளை ஒரு தடவை இங்கே அனுப்பிவை என்றாள். விருந்துக்கு என்று நினைத்து, லீவு கிடைக்காது அக்கா என்றேன். விருந்துக்கு இல்லை, பாட்டிலோடு அனுப்பு என்றாள்.

அது அவன் வாரியத்து எல்லை இல்லை, அங்கே வந்து தண்ணீர் எடுக்க அவனுக்கு அதிகாரமும் கிடையாது, அவன் பேசுகிற தமிழ் அங்கே யாருக்கும் விளங்காது என்று அடுக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டாள்.

"தமிழ் என்னத்துக்குளா? பெத்த தாயவே விடாதவன், வேற எவன விடப்போறான்?"